முற்றாக என்ற ஒரு சொல்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் வாசிகசாலைக்கு இரண்டு கணினிகள் வந்தன. அவற்றை யார் தந்தார்கள் என்று எழுதிய பலகை கணினிகளைவிடப் பெரியதாக இருந்தது. பழைய வாசிகசாலை கடற்கரைப் பக்கம் இருந்தது. கடல் அதன் முன்பாதியைக் கொண்டுபோய், பின்பாதியிலிருந்த புத்தகங்களை நனைத்து வைத்தது. பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியை வாடகைக்கு எடுத்து, நனையாத புத்தகங்களையும் வெயிலில் காயவைத்துக் காப்பாற்றிய புத்தகங்களையும் அங்கே கொண்டுபோனோம். காயவைத்த புத்தகங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு தடிப்பாகியிருந்தன. அதனால் அலுமாரிகள் நிறைந்துதான் இருந்தன. அங்கே நான் பொறுப்பாளர். என்னைத் தவிர வேறு ஊழியர் இல்லாததால், எதற்குப் பொறுப்பு என்று யாரும் விசாரித்ததில்லை.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. கல்முனைக்குத் தெற்கே, பொத்துவில் போகிற பஸ் நிற்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால், இணையத்தில் அந்த ஊரைப் பற்றிய கட்டுரையைத் தேடி, நான் யாரோடு எத்தனை மணிக்குச் சண்டை பிடித்தேன் என்று நிமிடக் கணக்கோடு பார்த்துவிடுவீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நடக்கிற அந்தக் கலைக்களஞ்சியத்தில், அழித்ததுகூட அழிவதில்லை. வரலாறு என்றொரு பக்கத்தில் எல்லாம் அப்படியே கிடக்கும்.

கணினி பழக்க வந்தவர் இரண்டு நாள் நின்றார். முதல் நாள் கணினியைத் திறக்கவும் மூடவும் காட்டினார். இரண்டாம் நாள் அந்தக் கலைக்களஞ்சியத்தைக் காட்டினார். அதில் எங்கள் ஊரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள ஓர் ஊர் என்றது அந்த வரி. பிழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் உலகம் முழுக்க எங்கள் கரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. அவர்கள் எழுதியதில் ஊரின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. நான் எழுதத் தொடங்கினேன்.

பின்னேரங்களில் வாசிகசாலைக்கு ஆட்கள் குறைவு. வயல் நிலங்கள், வாய்க்கால்கள், பாடசாலைகள், கரைவலை, சந்தை என்று ஒவ்வொரு தலைப்பாக எழுதினேன். எதை எழுதினாலும் அச்சில் வந்த ஓர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. வாசிகசாலையில் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்தில் என்னை நிர்வாகி ஆக்கினார்கள். பக்கத்தைப் பூட்டலாம், குழப்படி செய்கிறவரைத் தடை செய்யலாம். வீட்டில் என் சொல்லுக்கு யாரும் தடைப்பட்டதில்லை என்பதால் இது எனக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

சுனாமி என்ற பகுதியில் நான் எழுதிய வசனம் இது: “கடற்கரையை ஒட்டியிருந்த நான்காம் குறுக்குத்தெரு முற்றாக அழிந்தது.” பக்கத்தில் ஒரு பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் கொடுத்திருந்தேன். அந்தத் தெரு வாசிகசாலையிலிருந்து பத்து நிமிட நடைதான். நான் போய்ப் பார்க்கவில்லை. பத்திரிகை இருந்தது.

நிர்வாகியின் வேலையில் முக்கால்வாசி குழப்படிகளைத் துடைப்பது. அங்கே அதற்கு விசமத் தொகுப்பு என்று பெயர். பாடசாலை விடுமுறையில் அதிபர்களைப் பற்றி எழுதுவார்கள். ஒருவர் தன் மாமனாரை ஊரின் ஸ்தாபகர் என்று எழுதினார். மாமனார் அப்போது சந்தையில் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் யாருடையது என்று இரண்டு பேர் மூன்று வாரம் மாறி மாறித் திருத்தினார்கள். வாய்க்கால் இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஓடுகிறது என்று நான் எழுதிப் பக்கத்தைப் பூட்டினேன். இரண்டு பேரும் என்னைப் பக்கச்சார்பானவர் என்றார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு மரியாதையான குறிப்பு. பிறகு எச்சரிக்கை. பிறகு கடைசி எச்சரிக்கை. பிறகு தடை.

வெள்ளிக்கிழமை ஆள் இந்த முறைக்குள் அடங்கவில்லை.

அவர் பெயர் பதியாமல் எழுதுகிறவர். பெயர் பதியாதவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக அவர்களுடைய இணைப்பின் எண்தான் தெரியும். அவர் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. என் வசனத்திலிருந்து ‘முற்றாக’ என்ற சொல்லை மட்டும் அழிப்பார். “நான்காம் குறுக்குத்தெரு அழிந்தது” என்று விட்டுவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிபோல நடக்கும். நான் மாலையில் பார்த்துத் திரும்பப் போடுவேன். அடுத்த வெள்ளி மறுபடி போய்விடும்.

நன்றி சொல்லி ஒரு குறிப்புப் போட்டேன். பதில் இல்லை. எச்சரித்தேன். பதில் இல்லை. கடைசி எச்சரிக்கையும் போட்டேன். ஒரு நாள் தடை செய்தேன். அவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறவர் என்பதால், தன்னைத் தடை செய்ததே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளி வரைக்கும் தடை செய்தேன். தடை வெள்ளி இரண்டரைக்கு முடிந்தது. மூன்று மணிக்கு அவர் வந்து அழித்தார். இப்படியே ஏழு மாதம் போனது. நான் இரண்டு சொல் எழுத வேண்டிய இடத்தில் இருநூறு சொல் எழுதி, ஆதாரம் இல்லாமல் திருத்தக்கூடாது, சொந்தமாகக் கண்டதை ஆதாரமாக எடுக்க முடியாது என்று உரையாடல் பக்கத்தில் விதிகளை விளக்கினேன். அதையும் அவர் வாசித்த அடையாளம் இல்லை.

கடைசியாக ஒரு மாதத் தடை போட்டேன்.

மறுநாள் காலை, நெல் வகைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு விவசாயப் போதனாசிரியர் வாசகர்களுக்கான கணினியில் இருந்து எழும்பி என் மேசைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்பார்கள்.

“ராத்தா, என்னை எழுத விடுதில்ல. குழப்படி செய்ததுக்காகத் தடை எண்டு வருது. நான் சம்பா நெல்லைப் பத்தித்தானே எழுதினன்.”

போய்ப் பார்த்தேன். தடை செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. தடை செய்யப்பட்ட எண், அந்தக் கணினியின் எண். பெயர் பதிந்து உள்ளே போகிறவருக்குத் தன் எண்ணைக் காட்டுவதில்லை. அதனால் வாசிகசாலையின் எண் என்னவென்று அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தடை செய்தது என் வாசிகசாலையை.

தடையை நீக்கினேன். போதனாசிரியர் சம்பாவுக்குத் திரும்பினார்.

அதே வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குளிர் நாடு ஒன்றில் இருக்கிற மூத்த நிர்வாகி ஒருவர் அனுப்பியிருந்தார். நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. எழுத்தில் நல்ல பழக்கம். பெயர் பதிந்தவர்கள் எந்த இணைப்பில் இருந்து எழுதுகிறார்கள் என்று பார்க்கும் அனுமதி அவருக்கு இருந்தது. மிகவும் தயங்கி எழுதியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஆளும் நானும் ஒரே இணைப்பிலிருந்து எழுதுகிறோம் என்றும், ஒருவரே இரண்டு பேராக நின்று கட்டுரையைக் குழப்புவது பாரதூரமான விடயம் என்றும், இது பற்றி என் விளக்கத்தைச் சமூகம் எதிர்பார்க்கிறது என்றும் எழுதியிருந்தார். அதாவது ஏழு மாதமாக நான் என்னோடு சண்டை பிடித்து, என்னை எச்சரித்து, என்னைத் தடை செய்து வந்திருக்கிறேன். வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஆதாரங்கள் அவர் பக்கம் இருந்தன.

வாசிகசாலையில் கணினி பாவிக்கிறவர்கள் ஒரு கொப்பியில் கையொப்பம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளைத் தேடினேன். ஜும்ஆவுக்காக மூடிவிட்டு இரண்டரைக்குத் திறப்போம். இரண்டே முக்காலுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரே கையொப்பம். நல்ல முத்து எழுத்து. காரணம் என்ற இடத்தில் ‘வாசிப்பு’ என்றிருந்தது. அது எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற தபால்காரர். நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதங்களும் அவர் கையால் வந்தவை. ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு ஸலாம் சொல்லித்தான் கணினிக்கு முன் உட்காருவார்.

அடுத்த வெள்ளி அவர் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஸலாம் சொன்னார். கொப்பியில் எழுதினார். நான் என் மேசைக் கணினியில் அந்தக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் ஒற்றை விரலால் தட்டுகிறவர். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை உயர்த்தி, விசைப்பலகைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, எழுத்தைக் கண்டுபிடித்து இறக்குவார். நல்லவேளை, அழிப்பதற்கு எழுத்துகள் தேவையில்லை.

மூன்று மணிக்கு என் திரையில் அந்தச் சொல் போனது. நான் திரும்பப் போட்டேன். அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழித்தார். நான் மறுபடி போட்டேன். எங்களுக்கு இடையில் ஆறடி தூரமும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மூன்றாவது தரமும் நடந்தது. ஒரே நாளில் மூன்று தரத்துக்கு மேல் மாற்றி மாற்றிப் போடுவது அங்கே குற்றம். நான்காவது தரம் அவர் அழித்ததும் நான் போட்டேன். குற்றம் என்னுடையதானது.

அவர் எழும்பி என் மேசைக்கு வந்தார்.

“மகள், அந்த மெஷின்ல ஏதோ கோளாறு இரிக்கி.”

“என்ன கோளாறு மாமா?”

“ஒரு சொல்ல அழிக்கிறன். அது திரும்பத் திரும்ப வருகுது. போன கிழமை அழிச்சா இந்தக் கிழமை வந்து நிக்கிது. இண்டைக்கு நான் பார்த்துக்கிட்டு இரிக்கக்குள்ளேயே வருகுது.”

“மெஷின்ல கோளாறு இல்ல மாமா. அது நான்தான்.”

அவர் என்னையும் என் கணினியையும் பார்த்தார்.

“நீங்களா?”

“ஓம்.”

“இவ்வளவு மாசமும்?”

“ஓம்.”

“நான் கொழும்புல யாரோ பெரிய ஆள் எண்டு நினைச்சன்.”

அவரை உட்காரச் சொன்னேன். நான் அவருக்குப் போட்ட குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். முதல் குறிப்பு, எச்சரிக்கைகள், தடைகள். அவர் கடிதம் வாசிப்பதுபோல மெதுவாக, ஒன்றையும் விடாமல் வாசித்தார்.

“மேல மஞ்சளா ஒரு கோடு வரும். விளம்பரம் எண்டு நினைச்சன்.” இன்னும் கொஞ்சம் வாசித்தார். “என்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிரிக்கி. பங்களிப்புக்கு நன்றி எண்டும் போட்டிரிக்கி.”

“அது எல்லாருக்கும் போடுறது மாமா.”

“ஓ.”

“ஏன் அந்தச் சொல்ல அழிக்கிறீங்க?”

“பொய்தானே.”

பிறகு சொன்னார். அவருடைய வீடு நான்காம் குறுக்குத்தெருவில். கடலுக்கு முதுகு காட்டிக் கட்டிய வீடு. பின்சுவர் போனது. மற்ற மூன்று சுவர்களும் நின்றன. கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள்; பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள்; அவர் காத்திருந்து பின்சுவரைக் கட்டி, தகரம் போட்டுப் போய்விட்டார். மனைவி மட்டும் வயல் பக்கத்து வீட்டுத்திட்டத்தில் மகளோடு இருந்தார். கடற்கரைக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வெளிச்சம் இல்லாத வீட்டில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்றுதான் சொன்னார். அதனால் இவர் மின்சாரசபைக் கந்தோருக்குப் போய் விண்ணப்பித்தார்.

“கந்தோர்ல இரிந்தவர் நல்ல பொடியன். மரியாதையாத்தான் கதைச்சார். கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தெரு முற்றாக அழிஞ்சு போச்சு எண்டு இதுல இரிக்கி, இல்லாத தெருவுக்கு எப்படி மீற்றர் போடுற எண்டு கேட்டார். என்ட பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் வாசிச்சன். நல்ல தமிழ்.”

“அது நான் எழுதினது.”

“இப்ப வெளங்குது.”

“என்னட்டச் செல்லியிருக்கலாமே மாமா.”

“நீங்கதான் எண்டு யார் செல்லினது? ‘திருத்து’ எண்டு ஒரு சொல்லு மேல இரிந்திச்சி. திருத்தினன்.”

நாற்பது வருடம் அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுபோன மனிதரிடம், உங்கள் வீடு இருக்கிறது என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, வந்து பாருங்கள், பார்த்தால் ஆதாரம்தானே என்றார். சொந்தமாகப் பார்த்ததை ஆதாரமாக எடுப்பதில்லை என்றேன். அப்படியென்றால் மற்றவர் பார்த்ததை மட்டும் எடுப்பீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த மற்றவர் போய்ப் பார்த்தாரா என்று கேட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம் அவரோடு போனேன்.

பத்து நிமிட நடையை நான் நாலு வருடத்துக்கு மேலாக நடக்காமல் இருந்தேன். சந்தைக்குப் போவேன், பெரிய பள்ளிவாசல் தாண்டுவேன், அங்கே மேற்கே திரும்பிவிடுவேன். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் என் சாச்சி, உம்மாவின் தங்கை, இருந்தார். சுனாமி அன்று காலை அவர் வீட்டில்தான் இருந்தார்.

தெரு மணலாகக் கிடந்தது. தபால் மாமா வேலைக்குப் போவதுபோலவே நடந்தார். ஒவ்வொரு வெறும் நிலத்தின் முன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து இலக்கத்தைச் சொன்னார். பதினொண்டு. பதிமூண்டு. பதினஞ்சு, இவங்களுக்குக் கடிதமே வராது. பதினேழில் ஒரு குடும்பம் பாதி வீட்டுக்குத் தறப்பாள் கட்டி இருந்தது. வாசலில் நெத்தலி காய்ந்தது. இருபத்தொன்றில் ஒருவர் சின்னக் கடை போட்டிருந்தார். இருபத்தாறு அவருடைய வீடு. பின்சுவர் மட்டும் புதுச்சீமெந்து நிறத்தில் இருந்தது. முற்றத்தில் முருங்கை வைத்திருந்தார். நான் எண்ணினேன். ஆட்கள் இருக்கிற வீடுகள், தெருக் கடைசியில் இருந்ததையும் சேர்த்து, நாலு.

திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு வெறும் நிலத்தில் நின்றார்.

“இது ஒங்கட சாச்சிர ஊடு.”

வீடு இல்லை. சிவப்புச் சீமெந்து நிலம் இருந்தது, விறாந்தைப் படியும் இருந்தது. அந்தச் சீமெந்தை மினுக்குவதற்காக சாச்சி பழைய சாரத் துணியால் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஈரக் காலோடு வந்தால் ஏசுவார். அதில் இப்போது மணல் ஒரு விரல் உயரத்துக்கு இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

“மாசத்துல ரெண்டு கடிதம் வரும், சவூதியில இரிந்து,” என்றார் தபால் மாமா. “வாசல்ல நிப்பா. நான் தெரு முனையில திரும்பக்குள்ளயே கேட்பா, இரிக்கா எண்டு. இல்லாட்டி நான் தூரத்திலயே கையை ஆட்டுவன். வீணா நிக்கத் தேவையில்லத்தானே.”

நான் அந்தச் சீமெந்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது. அவர் மற்றப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றாக என்ற சொல்லை நான் பத்திரிகையிலிருந்து எடுத்தேன் என்பது உண்மை. பத்திரிகையில் அது இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்பது எனக்கு அங்கே விளங்கியது.

இதற்குள் குளிர் நாட்டு நிர்வாகிக்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேர் என்று நான் எழுதினால் போதாது; இரண்டு பேராக நடிக்கிற ஒருவரும் அப்படித்தான் எழுதுவார். எனவே தபால் மாமா தானே எழுத முன்வந்தார். அடுத்த வெள்ளி இரண்டே முக்காலுக்கு உட்கார்ந்து நாலரைக்கு முடித்தார். அவர் எழுதியது இவ்வளவுதான்: “நான் வேறு ஆள். இவ என் மகள் வயது. எழுதத் தெரியாமல் அழித்தேன். வீடு இருக்கிறது.” மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன, திருத்தட்டுமா என்று கேட்டேன். என்னுடையதாகவே இருக்கட்டும் என்றார். அது நல்லதாகப் போயிற்று. இந்தப் பிழைகளைச் செய்யக்கூடியவர் இந்த நிர்வாகி அல்லர் என்று எழுதி, விசாரணையை மூடினார்கள். இன்றுவரையான என் பத்து வருட எழுத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த பாராட்டு அது.

பிறகு மே மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் யுத்தம் முடிந்துவிட்டதாக முன்பே ஒருதரம் அறிவித்திருந்தார்கள். இப்போது நாடு முழுக்க முடிந்தது. பிரதான வீதியில் கடைக்குக் கடை கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். சோதனைச் சாவடியில் வெற்றிக்காகப் பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். காரைதீவிலிருந்து ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாசிக்க வருகிற ஒரு கணக்காளர் அன்றும் வந்தார். முதல் பக்கத்தை விரித்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தார். பக்கம் புரட்டவில்லை. அவருடைய தம்பி வன்னியில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர் நன்றி சொன்னார். குடிக்கவில்லை.

கலைக்களஞ்சியத்தில் அந்த வாரம் யாரும் தூங்கவில்லை. ஒருவர் இறந்தார் என்று எழுதினால் இன்னொருவர் கொல்லப்பட்டார் என்று மாற்றுவார். மூன்றாமவர் இரண்டையும் அழித்து வேறொரு சொல்லைப் போடுவார். ஆயிரக்கணக்கில் மனிதர்கள் எங்கே என்று தெரியாத நாட்களில் நான் வினைச்சொற்களைப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். வேறு எதைச் செய்ய முடியும் என்றும் தெரியவில்லை. பக்கங்களைப் பூட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தையும் பூட்டினேன், யாரோ அதில் கொடி ஏற்றிவிட்டிருந்தார்கள்.

எல்லாம் சற்று அடங்கிய பிறகு, அந்தப் பழைய செய்தியை எழுதிய நிருபரைப் போய்ப் பார்த்தேன். அவர் எங்கள் ஊர்க்காரர்தான், சந்தைக்குப் பக்கத்தில் புகைப்படக் கடை வைத்திருந்தார்.

“அண்டைக்கு நீங்க அந்தத் தெருவுக்குப் போனீங்களா?” என்று கேட்டேன்.

“யார் போன, ராத்தா? நான் ஆஸ்பத்திரியில மனுசர் தேடிக்கிட்டு நிண்டன். பத்திரிகையில இரிந்து போன் எடுத்தாங்க. பெரிய பள்ளி மாடியில ஏறிப் பார்த்தன். தண்ணிதான் தெரிஞ்சிச்சி. முற்றாக எண்டு செல்லிட்டன்.”

“திருத்தம் ஒண்டு போடலாமா?”

“நாலு வருசத்துக்குப் பிறகா?” என்றார். பிறகு யோசித்துவிட்டு, திருத்தம் போட மாட்டார்கள், ஆனால் மக்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று புதுச் செய்தி ஒன்று எழுதலாம் என்றார். அன்றே கமராவோடு போனார். தபால் மாமாவை முருங்கைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்.

அடுத்த கிழமை செய்தி வந்தது. படம் நன்றாக இருந்தது. தலைப்பு, ‘முற்றாக அழிந்த நான்காம் குறுக்குத்தெருவில் மீண்டும் மக்கள்’. பின்னணித் தகவலுக்காக இணையத்தில் என் கட்டுரையைப் பார்த்து எழுதினாராம். எனக்கு நன்றி சொன்னார். இப்போது அந்தச் சொல்லுக்கு ஆதாரம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

அன்று பின்னேரம் நான் என் வசனத்தைத் திறந்து, ‘முற்றாக’ என்பதை எடுத்துவிட்டு ‘பெரும்பகுதி’ என்று எழுதினேன். எந்த ஆதாரமும் காட்டவில்லை. பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறியை நானே போட்டேன். என் கையால் என் வசனத்துக்கு அந்தக் குறியைப் போட்டது அதுதான் முதல் தரம். அது சில மாதம் நின்றது. பிறகு வேறு நாட்டில் இருந்து எழுதுகிற, மிகவும் ஒழுங்கான ஒருவர் வந்து, இரண்டு பத்திரிகை ஆதாரங்களோடு ‘முற்றாக’ என்பதைத் திரும்பப் போட்டார். அவரோடு மூன்று நாள் விவாதித்தேன். நான் முன்பு எழுதிய விளக்கங்களையே அவர் எனக்கு மேற்கோள் காட்டினார். நன்றாக எழுதப்பட்டிருந்தன. நான் விட்டுவிட்டேன். அந்தச் சொல் இன்றும் அங்கே இருக்கிறது.

தபால் மாமாவுக்கு மின்சாரம் கிடைத்தது. நானோ பத்திரிகையோ அதற்குக் காரணமில்லை. கந்தோரில் இருந்த பொடியன் மாற்றலாகிப் போய், ஓய்வுபெறும் வயதில் ஒருவர் வந்தார். அவர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தெருவுக்கே வந்து, வீட்டைப் பார்த்து, கையொப்பம் போட்டுவிட்டுப் போனாராம்.

“அவர் கொம்பியூட்டர்ல பார்க்கலியா?” என்று தபால் மாமாவிடம் கேட்டேன்.

“அவருக்கு அது ஒத்துவராதாம். கண் கடிக்குமாம்.”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவது நின்றது. வீட்டில் தொலைக்காட்சி வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு பின்னேரம் நானே போனேன், இம்முறை தனியாக. அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். மெலிந்த, குரல் உரத்த பெண். வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“வந்து எவ்வளவு நாள் மாமி?”

“ரெண்டு மாசம். வெளிச்சம் இரிந்தா வாறன் எண்டு நான் சும்மாதான் செல்லி வெச்சிரிந்தன். இந்த மனுசன் எங்க கரண்ட் எடுக்கப் போறார் எண்டு நினைச்சன்.” சுவரில் பூட்டியிருந்த மீற்றர் பெட்டியை ஒருதரம் பார்த்தார். “எடுத்துட்டார். இப்ப இரிக்கத்தானே வேணும்.”

“பயமில்லையா?”

“பயம்தான். இவருக்குக் காது வரவர மந்தம். கடல் சத்தம் கேட்காது, நல்லாத் தூங்குறார். நான் முழிச்சுக்கிட்டுக் கிடப்பன். காலையில இவரை எழுப்பி ஏசுவன். அதுவும் இவருக்குக் கேட்கிறதில்ல.”

வெளியே பதினேழாம் இலக்கத்து ஆட்கள் நெத்தலியை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி எழும்பி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, இன்னும் ஒரு துண்டு வட்டிலப்பம் வெட்டினார்.